வரிசையில் நின்ற நாலு தாள்

உக்காருங்க தம்பி, காலிதான். பையை மடியிலயே வச்சுக்கிடுங்க, திருமங்கலம் தாண்டுனா குலுக்கும். உள்ள கம்ப்யூட்டரா? நெனச்சேன். அந்த வேலை பாக்குற ஆளுகளைப் பாத்தாலே இப்பல்லாம் எனக்குப் பயமா இருக்கு. உங்களைச் சொல்லல, தப்பா நெனைக்காதீங்க.

எம்பேரு சுந்தரமகாலிங்கம். ராஜபாளையம் பக்கம் ஒரு நூல் மில்லுல டைம் ஆபீஸ் கிளார்க்கு. இருபத்தேழு வருஷ சர்வீசு. ஒரு மெமோ வாங்குனது கிடையாது. ஜன்னல்ல வந்து நின்னு டோக்கன் நம்பர் சொல்லுவாக, நான் கம்ப்யூட்டர்ல ஏத்துவேன். வந்தா ‘பி’, லீவுன்னா ‘எல்’. அம்புட்டுதான் வேலை. ஆனா ஒரு எழுத்து மாறிச்சுன்னா ஒரு ஆளோட நாளே மாறிப்போகும், பாத்துக்கிடுங்க. அதனால நான் ரொம்ப ஜாக்கிரதையான ஆளு.

அந்தக் கம்ப்யூட்டர் பழசு. பாதி டிவிப் பெட்டி மாதிரி இருக்கும். வருகைப் பதிவு புரோகிராம் அதுல மட்டுந்தான் ஓடும். எழுதிக் குடுத்த ஆளு எங்கேயோ வெளிநாடு போயிட்டாரு, அதனால மாத்தவும் முடியல. அதுகூட ஒரு பழைய பிரிண்டர் இருந்துச்சு, கர்ருகர்ருன்னு கத்தும். மாசி மாசம் அது ஒரேயடியாப் படுத்துருச்சு. நிர்வாகம் என்ன செஞ்சுச்சு, பீரோ தண்டி புதுசு ஒண்ணு வாங்கி மேனேஜர் ரூம்ல வச்சுருச்சு. மில்லுல இருக்குற எல்லாக் கம்ப்யூட்டரும் வயர் வழியா அதுலதான் பிரிண்ட் குடுக்கணும். எதுக்கு அவரு ரூம்ல? யாரு என்ன அடிக்கிறான்னு அவரு பாக்கணும்ல. மேனேஜரு ஞானதுரை சார். கோவப்பட்டுப் பேசவே மாட்டாரு. மெதுவாத்தான் பேசுவாரு. அந்த மெதுவுக்குத்தான் எல்லாரும் நடுங்குறது.

நவாஸ்னு ஒரு சர்வீஸ் பையன், நல்ல பையன், டவுன்ல கடை வச்சிருக்கான். வந்தான். எல்லாக் கம்ப்யூட்டரையும் அரை மணி நேரத்துல சேத்துட்டான். என்னுது மட்டும் சேரல. பிரிண்டரோட பேரு தெரியுது, பிரிண்ட் குடுத்தா ஒண்ணும் வரல. “அண்ணாச்சி, இது ரொம்பப் பழசு. இதுக்கு டிரைவரே கிடைக்காது போல”ன்னான். நான் மில் வேன் ஓட்டுற டிரைவரைச் சொல்றான்னு நெனச்சுட்டேன். சிரிச்சான். பிரிண்டரை ஓட்டுற புரோகிராமுக்கு அதுதான் பேராம். வியாழக்கிழமை வந்து பாக்குறேன்னுட்டுப் போயிட்டான்.

இதுவரைக்கும் சாதாரணந்தான். இதுக்கு முன்னாடி நடந்ததைச் சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும்.

காளீஸ்வரின்னு ஒரு பிள்ளை, பஞ்சைச் சிக்கெடுக்குற கார்டிங் மெஷின்ல வேலை. முப்பது வயசு இருக்கும். தை மாசக் கடைசியில ஒருநாள் அவ கை மெஷினுக்குள்ள போயிருச்சு. வலது கையில ரெண்டு விரல் போச்சு. மெஷினுக்கு மூடி கிடையாது தம்பி. கழட்டி வச்சு ஆறு மாசமாச்சு, மூடி இருந்தா அடிக்கடி நிறுத்தித் துடைக்கணும்னு. அது எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கு மத்தியானம் ஞானதுரை சார் டைம் ஆபீசுக்கு வந்தாரு. ஜன்னல் கதவைச் சாத்தினாரு. “சுந்தரமகாலிங்கம், அந்தப் பொண்ணுக்கு இன்னைக்கு லீவுல்ல?”ன்னாரு.

நான், “இல்ல சார், காலையில…”ன்னேன்.

“லீவுன்னுதான் நான் கேள்விப்பட்டேன். யாரையோ பாக்க உள்ள வந்தவ, தெரியாம மெஷின்ல கையை வச்சுட்டா. நீங்க ஒருதடவை செக் பண்ணிடுங்க.”

செக் பண்ணேன். ‘பி’ இருந்த எடத்துல ‘எல்’ போட்டேன். என் கைதான் போட்டுச்சு. ஆனா சொன்னது அவருல்ல? ஒரு எழுத்து, அம்புட்டுதான். குடியிருக்குற வீடே மில் வீடு தம்பி. நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?

விட்டுத் தொலைச்சிருக்கலாம். அவ சும்மா இருந்தாளா? மூணு வாரம் கழிச்சு ஜன்னல்ல வந்து நின்னா. கட்டுப் போட்ட கையைச் சேலைக்குள்ள வச்சிருந்தா. “அண்ணாச்சி, அன்னைக்கு நான் வேலைக்கு வந்தேன்ல? ‘மணி ஆறு அஞ்சாச்சு, ஓடு ஓடு’ன்னு நீங்கதானே சொன்னீங்க? ஆஸ்பத்திரி ஃபாரத்துல நான் லீவுன்னு எழுதியிருக்காக, நஷ்டஈடு கிடையாதாம்”ன்னா.

நான், “ரெக்கார்டைப் பாக்கணும்மா”ன்னேன்.

“பாருங்க அண்ணாச்சி, நான் நிக்கிறேன்”ன்னா.

நிக்கிறாளே! நான் கம்ப்யூட்டரைப் பாக்குற மாதிரி பாத்தேன். திரும்புனா இன்னும் நிக்கிறா. “கரண்டு வரட்டும்”னு சொன்னேன். தலைக்கு மேல ஃபேன் ஓடுது. அவ ஃபேனை ஒருதடவை பாத்தா. போயிட்டா.

அதுக்கப்புறம் எனக்குச் சோறு எறங்கல. அப்பத்தான் ஒரு யோசனை. தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீசுக்கு ஒரு மொட்டை மனு போட்டுருவோம், அவுக வந்து பாத்துக்கிடுவாக, நம்ம பேரும் வராதுன்னு. கையால எழுதுனா என் எழுத்து ஊருக்கே தெரியும். அதனால கம்ப்யூட்டர்ல அடிச்சேன். ஒரு பக்கம். காளீஸ்வரி வந்த நேரம், டோக்கன் நம்பர், மூடி இல்லாத மெஷினு, ரெக்கார்டை மாத்துனது, எல்லாம். மாத்துனது யாருன்னு மட்டும் எழுதல. அது அவசியமில்லைல்ல? கடைசியில ‘உண்மை அறிந்த ஒருவர்’னு போட்டேன்.

அன்னைக்கு ஞானதுரை சார் கோயம்புத்தூர் போயிருந்தாரு. அவரு ரூம் தொறந்து கெடந்துச்சு. சரி, ஒருதடவை குடுத்துப் பாப்போம், நம்ம நேரம் வந்தாலும் வரும்னு பிரிண்ட்டை அமுக்கிட்டு ஓடிப்போயிப் பாத்தேன். வரல. திரும்ப வந்து அமுக்குனேன், திரும்ப ஓடுனேன். வரல. நாலு தடவை. சரி, விதி இல்லைன்னு நெனச்சு, அடிச்சதையெல்லாம் அழிச்சுட்டு உக்காந்துட்டேன். உண்மையச் சொன்னா மனசு லேசாயிருச்சு. நாம முயற்சி பண்ணுனோம், பிரிண்டர் வரல. நம்ம தப்பு என்ன இருக்கு?

சாயங்காலம் நவாஸ் போன் பண்றான். “அண்ணாச்சி, வியாழக்கிழமை வந்துருவேன். அதுக்குள்ள நீங்க ஏதாச்சும் பிரிண்ட் குடுத்திருந்தாக் கவலைப்படாதீங்க. எல்லாம் வரிசையில நிக்கும். நான் சரி பண்ணுனதும் ஒண்ணொண்ணா தானே வந்துரும்.”

ஆறுதல் சொல்றான் தம்பி! எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துருச்சு. அம்புட்டும் மேனேஜரு ரூம்லல்ல வந்து விழும்?

மறுநாள் பாத்தேன். கடியாரத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒரு பிரிண்டர் படம். அதைத் தொட்டா ஒரு பட்டியல். நாலு வரி. நாலும் என்னுது. முத வரியை அழிக்கச் சொல்லி அமுக்குனேன். ‘அழிக்கிறேன்’னு சொல்லுச்சு. ஒரு மணி நேரமா அழிக்கிறேன் அழிக்கிறேன்னே நிக்குது, அழிக்கல. மிச்சத்தைத் தொட பயமாயிருச்சு. கம்ப்யூட்டரையே நிறுத்தினேன். பத்து நிமிஷம் கழிச்சுப் போட்டேன். நாலும் அங்கனயேதான் நிக்குது. நம்மளைப் பாத்துக்கிட்டு நிக்குற மாதிரியே இருந்துச்சு.

பக்கத்துல தங்கபுஷ்பம் இருந்தா. அவளும் டைம் ஆபீஸ்தான், ரெண்டாம் ஷிப்ட்டு. அதே கம்ப்யூட்டர்ல மத்தியானத்துக்கு மேல அவ ஏத்துவா. புருஷன் இல்ல, மகளை வச்சுக் காப்பாத்துறா. கம்ப்யூட்டரு என்னைவிட அவளுக்கு நல்லாத் தெரியும். கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல அழிச்சுக் குடுத்திருப்பா. ஆனா எப்படிக் கேக்குறது? “என்ன அண்ணாச்சி, இப்படி வேர்த்துக் கொட்டுது?”ன்னு அவ தண்ணி பாட்டிலை நீட்டுனா. “பித்தம்மா”ன்னேன்.

செவ்வாய்க்கிழமை மேனேஜர்கிட்டயே போனேன். “சார், அந்தக் கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு. இந்தப் பிரிண்டருக்கு ஒத்துவராது. நான் கையாலயே ரிஜிஸ்டர் எழுதிக் குடுத்துர்றேன் சார். நாலு ராத்திரி முழிச்சாலும் பரவால்ல”ன்னேன்.

அவரு என்னைப் பாத்துச் சிரிச்சாரு. “உங்க விசுவாசம் தெரியும். ஆனா கையால எழுதுனா ஒத்துக்க மாட்டாங்க. தை மாச வருகைப் பதிவு கம்ப்யூட்டர்ல இருந்து பிரிண்டா வரணும். அந்தப் பொண்ணு ஏதோ கேஸ் போடப் போறாளாம். வியாழக்கிழமை எப்படியும் எடுத்துரணும்.”

பாருங்க, அந்த ‘எல்’ போட்ட ரிஜிஸ்டரும் அதே வழியாத்தான் வரணும், என் மனுவும் அதே வழியாத்தான் வரணும். புதன்கிழமை வயரைப் பிடுங்கி விட்டேன். அரை மணி நேரத்துல எலெக்ட்ரீஷியன் வந்து, “எலி இழுத்திருக்கும்”னு சொருகிட்டுப் போயிட்டான். கம்ப்யூட்டர் மேல காப்பியக் கொட்டிருவோமான்னு டம்ளரைக் கையில வச்சுக்கிட்டே நின்னேன். ஆறிப்போச்சு. குடிச்சுட்டேன்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நவாஸ் வந்தான். வர்றப்பவே சிரிச்ச முகம். “அண்ணாச்சி, வழி கண்டுபிடிச்சுட்டேன். இதே கம்பெனி பழைய மாடல் ஒண்ணோட டிரைவரைப் போட்டா, இது ‘ஓகோ, நம்ம ஆளுதான்’னு நம்பிரும். பிரிண்டரோட நம்பரை மட்டும் நாமளே கையால குடுத்துரணும்.” அவன் பாட்டுக்குத் தட்டுறான். நான் குனிஞ்சு அவன் காதுகிட்டப் போனேன். “நவாசு, அந்த வரிசையில பழசு ஏதாச்சும் இருந்தா…”ன்னு ஆரம்பிச்சேன். என் தோள் மேல ஒரு கை விழுந்துச்சு. ஞானதுரை சார்.

“என்ன, முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது சார். ரிஜிஸ்டரைக் குடுத்துட்டேன். ஏற்கெனவே நாலு வரிசையில நிக்குது, அது வந்துட்டு இது வரும்”னான் நவாஸ். பெருமையாச் சொல்றான்.

சார் அவரு ரூமுக்குப் போனாரு. நடுவுல பலகைத் தடுப்புதான் தம்பி. எல்லாம் கேக்கும். மொதல்ல ஒரு உறுமல். அப்புறம் சர்ர்ருன்னு ஒரு தாளு. நின்னுச்சு. சர்ர்ருன்னு ரெண்டாவது. மூணு. நாலு. அதுக்கப்புறம் ரிஜிஸ்டர் கடகடன்னு வர ஆரம்பிச்சுது, முப்பது நாப்பது பக்கம். அது வந்துக்கிட்டே இருக்கு, அந்தப் பக்கம் நாற்காலிச் சத்தம்கூட இல்ல. “சூப்பர் அண்ணாச்சி!”ன்னு நவாஸ் கையை நீட்டுனான். அவன் கையைப் பிடிச்சேன். என் கை ஐஸா இருந்திருக்கும் போல, அவன் ஒருமாதிரிப் பாத்தான். பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

அஞ்சு நிமிஷம் கழிச்சு சார் வந்தாரு. கையில நாலு தாளு. அன்னைக்குச் சீக்கிரமே வந்திருந்த தங்கபுஷ்பத்தையும் வரச்சொன்னாரு. கதவைச் சாத்தினாரு.

“இந்தக் கம்ப்யூட்டரைத் தொடுறது ரெண்டு பேரு”ன்னாரு, ரொம்ப மெதுவா. என்னைப் பாத்தாரு. சொல்லிருவோம், கால்ல விழுந்துருவோம்னு வாயைத் தொறந்துட்டேன். அதுக்குள்ள அவரே சொல்லிட்டாரு: “சுந்தரமகாலிங்கம் இல்ல. அவருக்கு அவ்வளவு தைரியம் கிடையாது.”

பாத்தீங்களா தம்பி? இருபத்தேழு வருஷ நல்ல பேரு. அந்த நேரத்துல வந்து காப்பாத்துச்சு. உடம்புல உசிரு திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு எனக்கு.

தாளைத் தங்கபுஷ்பத்துகிட்ட நீட்டுனாரு. அவ வாங்கிப் படிச்சா. நிதானமா, ஒரு வரி விடாமப் படிச்சா. படிச்சு முடிச்சுட்டு என்னைப் பாத்தா. நான் காலண்டரைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

“நீயா?”ன்னாரு சார்.

“ஆமா சார். நான்தான் அடிச்சேன்”ன்னா.

எனக்குக் காதுல விழுந்தது நெசந்தானான்னே தெரியல. அவ மேசை மேல இருந்த பேனாவை எடுத்தா. ‘உண்மை அறிந்த ஒருவர்’ங்குறதை அடிச்சுட்டு, அதுக்குக் கீழ மு. தங்கபுஷ்பம்னு கையெழுத்துப் போட்டா. தேதியும் போட்டா. அதை மடிச்சுச் சாப்பாட்டுக் கூடையில வச்சா. “மிச்சம் மூணும் நீங்க வச்சுக்கிடுங்க சார்”னுட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டா. அவரு தடுக்கக்கூட இல்ல. அப்படியே நின்னாரு. அன்னைக்கே அவளுக்குச் சீட்டுக் கிழிஞ்சுது. அவ மறுநாளே அந்த மனுவைத் தபால்ல சேத்துட்டா.

அன்னைக்கு மத்தியானம் பல நாளைக்கப்புறம் எனக்குச் சோறு எறங்குச்சு. ரெண்டு தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டேன். தப்பா சொல்லாதீங்க, நானா அவளைச் சொல்லச் சொன்னேன்? நான் வாயவே தொறக்கல. ஒரு வார்த்தை பொய் சொல்லல.

ஆனா பயம் போகல. அதுதான் எனக்கு விளங்க மாட்டேங்குது. எல்லாம் முடிஞ்சப்புறம் என்ன பயம்? அந்தப் பிரிண்டர் உறுமுற ஒவ்வொரு தடவையும் ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு வருது. யாரு எது அடிச்சாலும் அஞ்சாவதா ஒரு தாளு வரும், அதுல என் பேரு இருக்கும்னு தோணுது.

மனு போன எடத்துல சும்மா விடல. விசாரணைன்னு கடுதாசி வந்துச்சு. நிர்வாகத் தரப்புச் சாட்சி யாரு? நான்தான். ரிஜிஸ்டரைக் காட்டி, ‘லீவுன்னு இருக்கு’ன்னு சொல்லணும். ஞானதுரை சார் நேத்து என்னை உக்கார வச்சு ஏழெட்டுத் தடவை சொல்ல வச்சாரு. பாடம் மாதிரி. அதுக்குத்தான் இன்னைக்கு மதுரைக்கு வந்தேன். அவருக்கு ஏதோ ஆடிட்டு, வரல. வக்கீல் மட்டும் வந்தாரு.

விசாரணை ஆபீசர் ஒரு அம்மா. காளீஸ்வரி ஒரு பக்கம், தங்கபுஷ்பம் ஒரு பக்கம் உக்காந்திருக்காக. நான் ரிஜிஸ்டரைத் தொறந்தேன். “லீவுன்னு இருக்கு மேடம்”னேன். கரெக்டாச் சொல்லிட்டேன். வக்கீல் தலையாட்டுனாரு.

அந்த அம்மா ரிஜிஸ்டரைப் பாக்கவே இல்ல. “புஸ்தகத்துல இருக்குறது எனக்குத் தெரியும். ஜன்னல்ல உக்காந்திருந்தது நீங்க. அவங்க அன்னைக்கு வந்தாங்களா?”ன்னாங்க.

நான் காளீஸ்வரியைப் பாத்திருக்கக் கூடாது. பாத்துட்டேன். அவ கையை ஒளிக்கல இந்தத் தடவை. மேசை மேல வச்சிருந்தா. மூணு விரல்.

“வந்தா”ன்னு சொல்லிட்டேன்.

எப்படி வந்துச்சுன்னு தெரியல தம்பி. பயத்துல வாய் தவறிருச்சு. அந்த அம்மா எழுதிக்கிட்டாங்க. “எத்தனை மணிக்கு?” “ஆறு அஞ்சுக்கு. நான்தான் ஓடுன்னு சொன்னேன்.” “அப்ப லீவுன்னு மாத்துனது யாரு?” “நான்தான் மேடம். சொன்னது மேனேஜரு. கை என்னுது.” வக்கீல் எந்திரிச்சு ஏதோ கத்துறாரு. நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போறேன், நிறுத்தத் தெரியல. கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வந்து நின்னேன்.

தங்கபுஷ்பம் பின்னாலயே வந்தா. அந்த வியாழக்கிழமைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் அவ என்கூடப் பேசுறா. “அண்ணாச்சி, ‘விபத்து’ங்குறதுக்கு நீங்க எப்பவும் ‘த்’ விட்டுட்டுத்தான் அடிப்பீங்க. ‘விபது’. முத வரியிலயே தெரிஞ்சுபோச்சு”ன்னா.

“அப்புறம் ஏம்மா அன்னைக்கு என்னையக் காட்டிக் குடுக்கல?”ன்னேன்.

“குடுத்திருந்தா நீங்க ‘நான் இல்ல’ன்னு சொல்லியிருப்பீங்க. நானும் இல்லைன்னா, அந்த மனு யாருதும் இல்லாத தாளாப் போயிருக்கும். நாலையும் கிழிச்சுப் போட்டிருப்பாரு.” கோவமாச் சொல்லல தம்பி. கடையில சாமான் பேரு சொல்ற மாதிரிச் சொன்னா. காளீஸ்வரியைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா.

அவ சொன்னது சரிதான். ‘நான் இல்ல’ன்னுதான் சொல்லியிருப்பேன். கால்ல விழுந்து சொல்லியிருப்பேன்.

இந்தா, போன் அடிக்குது. பாருங்க, ஞானதுரை சார். வக்கீல் சொல்லியிருப்பாரு. ஸ்ரீவில்லிபுத்தூர் இன்னும் எம்புட்டு தூரம்? எடுக்கவா? நீங்களா இருந்தா எடுப்பீங்களா? பச்சைய எந்தப் பக்கம் தள்ளணும்… ஆ.

“சார்… வணக்கம் சார். பஸ்ல வர்றேன் சார். ஆமா சார். வந்தான்னு சொல்லிட்டேன் சார்… இல்ல சார், யாரும் மிரட்டல… வாய் தவறிருச்சுன்னு எழுதிக் குடுக்கவா?… சார், ஒரு நிமிஷம். வாய் தவறல சார். அவ வந்தா. இன்னொண்ணு சார். அந்த மனு தங்கபுஷ்பம் அடிச்சதில்ல. நான் அடிச்சது. நாலு தடவையும் நான்தான்… சார்? சார்?”

லைன் போயிருச்சு தம்பி. எதுவரைக்கும் கேட்டாருன்னு தெரியல. ‘வந்தா’ங்குற வரைக்கும் கேட்டிருப்பாரு. மனுவைச் சொன்னது காதுல விழுந்துச்சோ என்னமோ. கேக்கலைன்னா அப்படியே விட்டுரலாமா? வீடு இருக்கு, இன்னும் மூணு வருஷ சர்வீசு பாக்கி இருக்கு. விட்டுரலாம், இல்ல? நீங்க ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறீங்க?

சரி. இந்த நம்பரைக் கொஞ்சம் அமுக்கிக் குடுங்க. மணி போகுதா? குடுங்க இங்கிட்டு.

“சார், நான்தான் சார், சுந்தரமகாலிங்கம். நடுவுல கட்டாயிருச்சு. கடைசியாச் சொன்னதைத் திரும்பச் சொல்றேன்.”